சுவருக்கு வெளியே கேட்பது

“மாஸ்டர், டிரான்ஸுக்கும் டெக்னோவுக்கும் என்ன வித்தியாசம்?”

நடன இசையின் இந்த இரண்டு வகைகளைப் பற்றி வீரணன் கேட்டபோது ரொசாலி குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கண்ணே.”

“டிரான்ஸ்ல ராகம் இருக்கு. ஏறிக்கிட்டே போகும். ஒரு இடத்துல தும் தும்னு விழற அடி நின்னுரும். ராகம் மட்டும் தனியா மிதக்கும். எல்லாரும் கையைத் தூக்கிக்கிட்டுக் காத்திருப்பாங்க. அப்புறம் அடி திரும்பி வரும். அது வரும்போது…”

அவன் சொல் தேடினான். கிடைக்கவில்லை.

“டெக்னோ?”

“தட்டிக்கிட்டே இருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறமும் தட்டிக்கிட்டே இருக்கும்.”

ரொசாலி சிரித்தாள்.

“எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. பிறகு எதுக்கு என்னைக் கேக்குறீங்க?”

“எது ஒசத்தின்னு தெரியணும்.”

அவள் ஒரு முழுப் பூண்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இதை உரிங்க.”

*

ரொசாலிக்கு முப்பது வயதிருக்கும். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள். பல நாடுகளின் பெரிய கூடங்களில் இசை ஓட்டி மனிதர்களை ஆடவைத்தவள். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கொடைக்கானலுக்கும் மேலே உள்ள இந்த மலைக்கு வந்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், “குளிருது, நல்லாயிருக்கு” என்றாள்.

மலைப்பூண்டு சேர்த்துவைத்த பழைய கிடங்கு ஒன்று அங்கே காலியாக இருந்தது. கருங்கல் சுவர். ஆள் படுத்துக்கொள்ளும் அகலம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அதைத் திறப்பாள். மேகம் இறங்கி வழி மறையும்வரை இசை ஓடும். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். தோட்ட வேலை செய்பவர்கள் வருவார்கள். மங்கி குல்லாவைக் கழற்றாமலே ஆடும் பூண்டு வியாபாரி ஒருவர் வருவார். எல்லோரும் பூண்டு மணத்தோடு வீடு திரும்புவார்கள்.

வீரணன் அவளைவிட மூத்தவன். காதோரம் நரைத்தவன். வத்தலக்குண்டில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, சாவு, எல்லாவற்றுக்கும் அவன் ஸ்பீக்கர்தான். ஒரு முறை அவளுக்காகப் பெரிய பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தான். இறக்கிவைத்துவிட்டு, இசை தொடங்கியதும் ஓரமாக நின்றான்.

அடி நின்றது. ராகம் மட்டும் மிதந்தது. அத்தனை பேரும் கையைத் தூக்கி, இல்லாத ஒன்றுக்காக நின்றார்கள்.

வாழ்நாளெல்லாம் சத்தத்தைச் சுமந்தவன் அவன். இல்லாமல் போன சத்தத்துக்காக ஒரு கூட்டம் கை தூக்கி நிற்பதை அன்றுதான் பார்த்தான். அழுதான். ஏன் அழுதான் என்று தெரியவில்லை. அடுத்த மாதம் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு, கற்றுக்கொள்ள வந்துவிட்டான்.

அவன் அவளை மாஸ்டர் என்றான். அவள் அவனை அண்ணே என்றாள். இருவருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

*

அவன் மனைவி பவுன்தாய் ஊரிலேயே இருந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை. வழியனுப்பும்போது ஒன்றுதான் சொன்னாள்.

“போனதும் போன் போடுங்க.”

போட்டான்.

“சாப்ட்டியா?”

“ஆச்சு. அங்க மழையா?”

“இல்ல. மேகந்தான்.”

“சொட்டர் போட்டுக்கங்க.”

“ம்.”

வைத்துவிட்டான். வைத்தபின் அவனுக்கு வெட்கமாக இருந்தது. நெஞ்சில் மலை மலையாக ஏதோ இருந்தது. வாயில் வந்தது மழையா மேகமா என்பதுதான்.

மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாளும்.

அவன் போனை அணைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினான்.

“என்னண்ணே இது?” என்றாள் ரொசாலி.

“சின்னச் சின்னதாப் பேசி என்ன ஆகப்போகுது மாஸ்டர்? அவளுக்குன்னு ஒண்ணு செய்யப்போறேன். அவ மறக்கவே முடியாதபடி. அதை எடுத்துக்கிட்டு ஒரே தடவையா அவ முன்னாடி போய் நிப்பேன். அதுவரைக்கும் பேச்சு இல்ல.”

“மாலை போட்டிருக்கீங்களா?”

“அப்படித்தான் வச்சுக்கங்க.”

“சாமிக்குத் தெரியுமா, நீங்க மாலை போட்டிருக்கிறது?”

அவன் டப்பாவைப் பரண்மேல் தள்ளினான்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொசாலி அவனை மேசைக்கு முன்னால் நிறுத்தினாள்.

“இன்னைக்கு டெக்னோ. அடி மட்டும். நான் சொல்றவரைக்கும் நிறுத்தக் கூடாது.”

அவன் ஆரம்பித்தான். தும், தும், தும், தும். ஆட்கள் தலையாட்டினார்கள். பிறகு தோளை ஆட்டினார்கள். பிறகு தாங்கள் ஆடுவதே தெரியாமல் ஆடினார்கள்.

வீரணனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ராகத்தை எடுத்துச் சேர்த்தான். அடியை இறக்கினான்.

மங்கி குல்லாக்காரர் கண்ணைத் திறந்தார்.

“யாருப்பா அது, கரண்ட் போச்சா?”

கூட்டம் சிரித்தது. வீரணன் அவசரமாக அடியைத் திரும்பக் கொண்டுவந்தான்.

எல்லோரும் போனபின் சொன்னான்:

“சலிக்குது மாஸ்டர்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

“ஆடினவங்களுக்கு?”

அவன் யோசித்தான். “அவங்களுக்குச் சலிச்ச மாதிரி தெரியல.”

“ம்.”

“ஆனா அதுல என்னதான் இருக்கு?”

“ஒண்ணும் இல்லைண்ணே.”

“பிறகு எதுக்கு அதை வாசிக்கணும்?”

ரொசாலி ஒயர்களைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

“சும்மாதான்.”

*

அவன் பவுன்தாய்க்கான இசையைச் செய்துகொண்டிருந்தான்.

அவளிடம் ஒரு ராகம் இருந்தது. அது எந்தப் பாட்டிலும் இல்லை. யாரும் சொல்லித்தந்ததும் இல்லை. தைக்கும்போது வாய் மூடி முனகுவாள். அவளைக் கேட்டால், “நானா? எப்ப?” என்பாள். ஒரு முறை அவளுக்குத் தெரியாமல் அதைப் பதிவு செய்து வைத்திருந்தான்.

அதை லேப்டாப்பில் போட்டுக் கழுவினான், நீட்டினான், மேலே ஏற்றினான். அந்த முனகல் மெல்ல மெல்ல ஒரு வானமாயிற்று.

நடுவில் அடி நிற்கும் இடத்தை நீளமாக வைத்தான். மிக நீளமாக. அவளைப் பார்க்காத நாளெல்லாம் அதற்குள் இருக்க வேண்டும் என்று நினைத்தான். அதற்குப் பிறகு அடி திரும்பும்போது, தான் போய் அவள் வாசலில் நிற்பதுபோல இருக்க வேண்டும்.

இரவு படுத்தால் அந்த வாசல் தெரியும். அவள் நிமிர்ந்து பார்ப்பது தெரியும். அவள் முகம் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. அதனால் இன்னும் வேகமாக வேலை செய்தான்.

*

கீழிருந்து வரும் பஸ் கண்டக்டர் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டார்.

“வீரணண்ணே, உங்க வீட்டுல கடையைக் காலி பண்றாங்களே, தெரியுமா?”

“யாரு சொன்னா?”

“நானே பார்த்தேன். போர்டை இறக்கிட்டாங்க. கோயம்புத்தூர்ல தங்கச்சி வீட்டோட போய் இருக்கப் போறாங்களாம். வர்ற வாரம்னு பேச்சு.”

வீரணன் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?”

“கேட்டாங்க.”

“என்ன கேட்டா?”

கண்டக்டர் டிக்கெட் பையைச் சரிசெய்தார்.

“உசுரோட இருக்காரான்னு கேட்டாங்க. நேத்துத்தான் பார்த்தேன், நல்லா இருக்காருன்னேன்.”

“அதுக்கு?”

“அப்படியான்னாங்க. உள்ள போயிட்டாங்க.”

பஸ் கிளம்பியது. வீரணன் ஓட்டமாகக் கிடங்குக்கு வந்தான்.

“மாஸ்டர், பவுனு போகப்போறா. இந்த ஞாயித்துக்கிழமை நான் இதை வாசிச்சுப் பார்த்துடணும். சரியா வந்துச்சுன்னா திங்கக்கிழமை மொத பஸ்ல போயிருவேன். அவ கேட்டா போதும். கேட்டா புரிஞ்சுக்குவா.”

“போன் பண்ணலையா?”

“போன்ல என்னத்தச் சொல்றது மாஸ்டர்? இதைப் போய் போன்ல சொல்ல முடியுமா?”

ரொசாலி அவனையே பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

“போடுங்க. கேக்குறேன்.”

*

அவள் முழுவதும் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அடி நின்ற இடத்தில் அவள் கை தானாகக் கொஞ்சம் உயர்ந்ததை வீரணன் பார்த்தான்.

முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

“அழகா இருக்குண்ணே.”

இத்தனை மாதங்களில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

“அவங்க இதை முனகும்போது என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?”

“தச்சுக்கிட்டிருந்தா.”

“மெஷின்லயா?”

“ஆமா. கால் மெஷின். நாளெல்லாம் மிதிச்சுக்கிட்டேதான் இருப்பா.”

“மெஷின் எங்க?”

“என்ன மாஸ்டர்?”

“இதுல மெஷின் சத்தம் எங்கண்ணே?”

“அதை எடுத்துட்டேன் மாஸ்டர். ராகத்தைக் கேக்க விடாம இடைஞ்சலா இருந்துச்சு. டக்கு டக்கு டக்குன்னு. அதைச் சுத்தமா எடுக்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு.”

ரொசாலி தலையாட்டினாள்.

“நல்லாவே எடுத்திருக்கீங்க,” என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டமும் வந்தது. மங்கி குல்லாக்காரர் முன்வரிசையில் நின்றார்.

வீரணன் அந்த இசையை ஓடவிட்டான். முதல் அடி விழுந்ததுமே கிடங்கு அதை ஏற்றுக்கொண்டது. அவனுக்கு அது கால் வழியாகத் தெரிந்தது.

ரொசாலி பக்கத்தில் வந்து அவன் தோளைத் தட்டினாள்.

“வெளிய வாங்க.”

“இப்பவா? மாஸ்டர், இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த இடம் வந்துரும்.”

“அது தானா ஓடும். நீங்க வாங்க.”

“நான் பாக்கணும் மாஸ்டர். அவங்க கை தூக்குறதை நான் பாக்கணும்.”

அவள் நடந்துவிட்டாள். அவனும் போனான். குரு கூப்பிட்டால் வேறு என்ன செய்வது.

வெளியே மேகம் இறங்கியிருந்தது. கதவைச் சாத்தியதும் ராகம் அறுந்தது. கருங்கல் சுவர் அதை உள்ளேயே வைத்துக்கொண்டது. அடி மட்டும் கல்லைக் கடந்து வந்தது.

தும், தும், தும், தும்.

“டிரான்ஸா, டெக்னோவா?” என்றாள் ரொசாலி.

அவன் சுவரில் காதை வைத்தான். அது அவனே செய்தது. இருந்தும் சொல்ல முடியவில்லை.

“இங்கேருந்து ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மாஸ்டர்.”

“ம்.”

அப்போது பாதை வழியாக ஒரு பெண் வந்தாள். தலையில் விறகுக் கட்டு. சுவரருகே நின்று, கட்டைத் தலையில் வைத்தபடியே மூச்சு வாங்கினாள். அவள் விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

அடி நின்றது.

கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கோ ஒரு குதிரை கனைத்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

அந்தப் பெண்ணின் விரல்களும் நின்றன.

“என்ன சாமி, இன்னைக்கு வெள்ளனத்துலயே முடிஞ்சிருச்சா?”

“முடியலம்மா,” என்றான் வீரணன். “இப்பத்தான்… இப்பத்தான் உச்சம். உள்ள எல்லாரும் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க.”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். மரியாதைக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“கொஞ்சம் இருங்கம்மா. திரும்பி வரும். வரும்போது பாருங்க, அப்படி இருக்கும்.”

அவள் நின்றாள். தண்ணீர் சொட்டியது. அவன் சுவரைப் பார்த்தான். அவன் வைத்த நீளம் அது. அவனே ஆசை ஆசையாக இழுத்த நீளம்.

“கட்டு கனக்குது சாமி,” என்றாள் அவள்.

நடந்தாள். அவள் போகும் பாதையில் மேகம் கிடந்தது. முதலில் கால் மறைந்தது. பிறகு புடவை. கடைசியாக விறகு.

அதற்கப்புறம் அடி வந்தது. சுவர் அதிர்ந்தது. உள்ளே அத்தனை பேரும் கத்தினார்கள். கதவின் இடுக்கு வழியாக மங்கி குல்லாக்காரரின் விசில் கேட்டது.

பாதையின் வளைவுக்கு அப்பாலிருந்து யாரும் திரும்பி வரவில்லை.

வீரணன் ரொசாலியைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர்…”

“நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணே.”

*

பிஸ்கட் டப்பா துருப்பிடித்திருந்தது. மூடியைக் கத்தியால் நெம்பினான். போனில் உயிர் இல்லை. சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்தினான். கிடங்கில் அடுத்த பாட்டு ஓடியது. யாரோ வந்து, “அண்ணே, கலக்கிட்டீங்க” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் யாரென்று பார்க்கவில்லை.

போன் விழித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். ஓடினான்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மறுபடி போட்டான். அடித்தது. ஓய்ந்தது.

மறுபடி போட்டான்.

ஈரம் சட்டை வழியாக முதுகில் இறங்கியது. என்ன சொல்வது என்று யோசித்தான். ராகத்தைச் சொல்வதா. கை தூக்கிய கூட்டத்தைச் சொல்வதா. போகாதே, வந்துவிடுகிறேன் என்று எதையாவது சொல்வதா. அடிக்கிற மணியின் நடுவில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

மறுபடி போட்டான்.

எடுத்தாள்.

அவள் குரலுக்கு முன்னால் மெஷின் சத்தம் கேட்டது. டக்கு டக்கு டக்கு. பிறகு அது நின்றது.

“சொல்லுங்க.”

மங்கிப்போயிருந்த முகம் அந்த ஒரு சொல்லில் முழுதாகத் திரும்பி வந்தது. மூக்குத்தி உட்பட.

“பவுனு.”

“ம்.”

“சாப்ட்டியா?”

அந்தப் பக்கம் பதில் இல்லை.

“அங்க மழையா?” என்றான்.

“என்ன விசேஷம்?” என்றாள் அவள்.

“ஒண்ணும் இல்ல பவுனு. சும்மாதான்.”

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. அவன் போனைக் காதோடு அழுத்தினான். மூச்சு கேட்கவில்லை. தெரு கேட்கவில்லை. வைத்துவிட்டாளா என்று எடுத்துப் பார்த்தான். வைக்கவில்லை. திரும்பவும் காதில் வைத்தான்.

முடிந்துவிட்டதா, அந்தப் பக்கம் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்களா, அவனுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது.

அவன் நின்றான். தலையில் எந்தக் கட்டு கனத்தாலும் கனக்கட்டும் என்று நின்றான்.

தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்தது. மேகம் வந்து அவனை மூடியது.

வெகுநேரம் கழித்து, அந்தப் பக்கம் மெஷின் ஓட ஆரம்பித்தது.